ப்ளக்-இன்னும் புள்ளியெழுத்தும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை ஐந்தாறு வருடமாக வாசித்து வருகிறேன், பெரும்பாலும் வேலைக்குப் போகும்போது ரயிலில். இப்போது இருப்பது சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரம், பிறந்து வளர்ந்தது பக்கத்துச் செம்பவாங். அப்பா அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் சொன்ன கதைகளையும் நான் பார்த்த பழைய செம்பவாங்கையும் ஒரு வலைப்பூவில் எழுதுகிறேன், 140 பதிவுகள் ஆகிவிட்டன. வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள்தான், மாதம் சில வெள்ளி (டாலர்) கட்டிச் சொந்தமாக இடம் எடுத்திருக்கிறேன். ‘பார்க்கப் பழசா இருக்கும்மா, நாலு ப்ளக்-இன் போடு’ என்று மகன் சொன்னான். தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்னச் சின்ன மென்பொருள்களாம், போய்ப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. ஒன்பது போட்டேன். இப்போது தளம் திறக்கவே யோசிக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது? காசில்லாமல் கிடைப்பதாகச் சொன்னால் நல்லது.

அன்புடன்,
யீஷூன் வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்த அன்றே கோப்பிக்கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் உங்கள் தளத்தைத் திறந்தேன். மேலே படங்கள் நகரும் அந்தப் பட்டை முழுதாக வந்து சேர்வதற்குள் கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) பாதி காலி. ஆனால் பட்டறைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்து உங்கள் அம்மா உலை வைத்ததை எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் மீதிக் கோப்பி ஆறிப்போனதே தெரியவில்லை. உங்கள் எழுத்துக்கு ஒரு குறையும் இல்லை, அதன் மேல் போட்டிருக்கும் ஜரிகையைத்தான் கொஞ்சம் பிரிக்க வேண்டும்.

முதலில் தூக்க வேண்டியவை. நகரும் படப் பட்டை வேண்டாம். வருகையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டியும் வேண்டாம், அது உங்களைத் தவிர யாருக்கும் தேவையில்லை, உங்களுக்கும் தினமும் பார்த்தால் மனக்கஷ்டம்தான். வாசிப்பவர் கீழே வர வர மட்டும் படங்களை ஏற்றும் ப்ளக்-இன்னும், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிட்டு (தளவரைபடம்) கூகுளுக்குக் கொடுக்கும் ப்ளக்-இன்னும் போட்டிருக்கிறீர்கள். இரண்டு வேலையையும் 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே செய்துவிடுகிறது. எழுத்துருவுக்கென்று தனியாக ஒன்று எதற்கு? இன்றைய கைப்பேசிகள் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. வரிகளுக்கு இடையே இன்னும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், அது போதும், நம் எழுத்தில் ‘கி’ போல மேலே ஏறும் குறியும் ‘கு’ போலக் கீழே இறங்கும் குறியும் உண்டு அல்லவா.

அப்புறம், எழுத்தைத் தேர்ந்தெடுக்கவோ நகலெடுக்கவோ விடாத அந்த வலது-க்ளிக் பூட்டு. தமிழ் வலைப்பூக்களில் இந்த வியாதி ரொம்பக் காலமாக இருக்கிறது. திருடுகிறவர் எப்படியும் எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும். மாட்டிக்கொள்வது யாரென்றால், ‘தோணித்துறை’ என்றால் என்ன என்று அந்தச் சொல்லைத் தொட்டு அகராதியில் பார்க்க நினைக்கும் உயர்நிலை இரண்டு பிள்ளையும், கண் தெரியாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் பெரியவரும்தான். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஆக ஆறு போயிற்று. ஏழாவதும் எட்டாவதும் கொஞ்சம் சுவாரசியமானவை, ஏனென்றால் அவற்றில் பழுது ஒன்றுமில்லை, தமிழ் என்று ஒன்று இருப்பதை யோசிக்காமல் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பதிவின் முதல் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ப்ளக்-இன் போட்டிருக்கிறீர்கள். ‘கோயில்’ என்று தொடங்கும் உங்கள் பதிவைப் போய்ப் பாருங்கள். க மட்டும் மூன்று வரி உயரத்துக்கு நிற்கிறது, ஓகாரக் குறி தனியாக ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறது. நமக்கு ‘கோ’ ஓர் எழுத்து, கணினி எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் யூனிகோடு முறைக்கு அது இரண்டு. எழுத்தை எண்ணி வெட்டும் எந்த ப்ளக்-இன்னையும் தமிழில் போடுவதற்கு முன் கொம்பும் காலும் புள்ளியும் உள்ள ஒரு வாக்கியத்தைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். முகப்பில் முன்னோட்டம் காட்டுவதும் அப்படித்தான். வேர்ட்பிரஸ் தானாக எடுத்தால் 55 சொற்களை எண்ணி எடுக்கும், பாதகமில்லை. எழுத்துக்கணக்கில் நறுக்கும் ப்ளக்-இன்தான் ‘போனோம்’ என்பதை ‘போனோம’ என்று புள்ளியைத் தின்றுவிட்டு நிறுத்தும்.

எட்டாவது, ‘வாசிக்க 3 நிமிடம்’ என்று காட்டுவது, அதுவும் இதே கதைதான். நிமிடத்துக்கு இருநூறுக்கு மேல் ஆங்கிலச் சொற்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ‘போய்விட்டிருந்தார்களாம்’ என்பதை நாம் ஒரே சொல்லாக எழுதுகிறோம். அந்த மூன்று நிமிடத்தில் நீங்கள் சொல்லும் கதை முடியாது.

(எழுத்தை எப்படி எண்ணுவது என்ற சண்டை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1997-ல் இங்கே நடந்த தமிழ்நெட் என்ற கணினித் தமிழ் மாநாட்டில் குறியாக்கமும் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை) விசைப்பலகையும்தான் பெரிய பேச்சு. அதன் பின்னால் நின்ற சிங்கப்பூர் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி 1999-லேயே போய்விட்டார். இன்று நாம் ரயிலில் நின்றுகொண்டே தமிழில் தட்டுகிறோம்.)

இனி, உங்கள் தளத்தில் நிஜமாகவே உடைந்திருக்கும் ஒன்று. பதிவுகளின் இணைய முகவரி. ‘செம்பவாங் கப்பல் பட்டறையில் அப்பா’ என்று ஒரு பதிவு இருக்கிறது அல்லவா, அதன் முகவரி ‘செம்பவாங்-கப்பல்-பட்டறைய’ என்று நிற்கிறது, அப்பாவையே காணோம். நீங்கள் செய்த தவறில்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் கணினியில் 3 பைட் (சேமிப்பின் சின்ன அலகு), முகவரியில் வரும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும், ஆக ஒரு குறிக்கு 9 இடம். முகவரியில் வரும் தலைப்புக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். ‘செம்பவாங்’ மட்டுமே 81-ஐத் தின்றுவிடுகிறது. ‘பட்டறைய’ வரும்போது சரியாக 200, அதோடு கத்தி விழுந்துவிடுகிறது. இந்த முகவரியைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஏழெட்டு வரிக்குச் சதவீதக் குறிகளாகக் கொட்டுகிறது, உங்கள் பெரியம்மா அதைப் பார்த்து வைரஸ் என்று அழித்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதற்கு ப்ளக்-இன் தேவையே இல்லை. பதிவை வெளியிடும் முன், வலப்பக்கம் முகவரிக்கென்று இருக்கும் பெட்டியில் இரண்டு மூன்று சொல்லை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டிவிடுங்கள். பழைய பதிவுகளிலும் மாற்றலாம், பழைய முகவரிக்கு வருகிறவரை வேர்ட்பிரஸே புதியதற்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரே நாளில் 140-ஐயும் மாற்ற உட்காராதீர்கள், அடிக்கடி பகிரப்படும் பத்தை முதலில் பாருங்கள்.

சரி, எதைப் போடுவது? மூன்றே மூன்று சொல்கிறேன். ஒன்று, வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டினால் தலைப்பும் படமும் ஒரு சின்ன அட்டையாக வர வழி செய்யும் ஏதாவது ஒரு எஸ்இஓ (தேடலில் தளம் கிடைக்க உதவும்) ப்ளக்-இன், உங்கள் ஒன்பதாவது அதுதான், இருக்கட்டும். அது காட்டும் சிவப்பு, பச்சை விளக்குகளைக் கண்டுகொள்ளாதீர்கள். ‘வாக்கியம் நீளம்’ என்று அது சொன்னதற்காக உங்கள் வாக்கியத்தை உடைத்தீர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும். இரண்டு, புதுப் பதிவை மின்னஞ்சலில் அனுப்பும் சந்தா. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சந்தாதாரர் பட்டியலை அவ்வப்போது இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பதிவுகளை வாசகருக்கு அனுப்பிவந்த கூகுளின் ஃபீட்பர்னர் சேவையே 2021 ஜூலையோடு மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்தியது, பட்டியலை இறக்கி வைத்திருந்தவர்கள்தான் அடுத்த இடத்துக்கு நிம்மதியாக மாறினார்கள்.

மூன்றாவது காப்புநகல். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூடுபட்ட பூனை நான். பல வருடம் முன்பு என் தளம் இருந்த நிறுவனம் ஒரு வாரம் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லவில்லை, அப்புறம் நிறுவனமே இல்லை. காப்புநகல் இருந்தது, தினமும் ஒழுங்காக எடுத்திருந்தேன், எல்லாம் அதே சர்வரில். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் ஒவ்வொரு பக்கமாகத் தோண்டி 38 கட்டுரைகளை மீட்டேன், மற்றவை போயே போய்விட்டன. அதனால் அப்ட்ராஃப்ட்பிளஸ் மாதிரி ஒரு காப்புநகல் ப்ளக்-இன்னைப் போடுங்கள், இலவசப் பதிப்பே போதும், வாரம் ஒருமுறை உங்கள் கூகுள் டிரைவுக்குத் தானாகப் போகும்படி வையுங்கள். வேர்ட்பிரஸ் கருவிகள் பகுதியில் ‘ஏற்றுமதி’ என்று ஒன்று இருக்கிறது, அதில் பதிவுகளை ஒரே கோப்பாக இறக்கி மகனிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். ஆனால் அதில் படங்கள் வராது, அவற்றின் முகவரி மட்டும்தான் வரும். அப்பாவின் படங்களைத் தனியாக எடுத்துவையுங்கள்.

இதையொட்டி ஓர் உள்ளூர் வழியும் இருக்கிறது. தேசிய நூலக வாரியம் சிங்கப்பூர் இணையத்தளங்களைச் சேமித்துவைக்கிறது, 2019-லிருந்து ‘டாட் எஸ்ஜி’ என்று முடியும் தளங்களை அனுமதி கேட்காமலே சேகரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்களுடையது ‘டாட் காம்’, பரவாயில்லை, தளத்தைப் பரிந்துரைக்க அவர்களிடமே படிவம் இருக்கிறது. தளத்தின் முகவரியை மாற்றத்தான் வேண்டும் என்றால் ‘டாட் எஸ்ஜி’க்கு அரசின் மின்னடையாளமான சிங்பாஸில் நுழைந்து உங்களை உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். செம்பவாங் கப்பல் பட்டறையைப் பற்றித் தமிழில் ஒரு குடும்பம் எழுதிவைத்தது அங்கே இருக்க வேண்டிய பொருள்தான், கூச்சப்படாமல் அனுப்புங்கள்.

கடைசியாகத் தேடல் பெட்டி. உங்கள் தளத்தில் ‘படகு’ என்று தேடினேன், ஒன்றுமே வரவில்லை. எனக்கோ நன்றாக ஞாபகம் இருக்கிறது, பூலாவ் உபின் தீவுக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்ட கதையை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம்தான் உறைத்தது, அதில் எங்கு பார்த்தாலும் ‘படகில்’, ‘படகிலிருந்து’ என்றுதான் இருக்கிறது, தேடல் பெட்டிக்கு வேற்றுமை உருபு தெரியாது, நாம் தட்டியதை அப்படியே எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும். ‘மரம்’ என்றால் ‘மரத்தடி’ வராது. இதைத் தீர்க்கிற ப்ளக்-இன் தமிழுக்கு நான் போட்டுப் பார்த்தவரை சரியாக அமையவில்லை. நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு பதிவின் கடைசி வரியிலும் ஆறேழு சொற்களை எழுவாயாக, உருபு இல்லாமல் எழுதிவிடுகிறேன் – படகு, மழை, உபின், அப்பா. பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான். கூடவே ‘இங்கிருந்து தொடங்குங்கள்’ என்று ஒரு பக்கத்தைக் கையாலேயே எழுதி, பட்டறைக் கதைகள், கம்பத்து (கிராமத்து) கதைகள், பள்ளிக்கூடக் கதைகள் என்று பிரித்து இணைப்புக் கொடுத்துவிடுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அந்த மழைக் கதையை ‘படக’ என்று அரைகுறையாகத் தட்டித்தான் கண்டுபிடித்தேன். அதில் படகோட்டி காசு வாங்க மறுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஏன் என்று எழுதவில்லையே?

அன்புடன்,
அண்ணன்