விண்வெளிக்குப் போக ஆசைப்படும் மகள்: 3.5 லட்சம் கட்டலாமா?

கேள்வி: மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், வயது 15. விண்வெளி வீராங்கனை ஆவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அதற்கென மூன்றாண்டுப் பயிற்சி தருவதாக ஒரு நிறுவனம் 3.5 லட்சம் ரூபாய் கேட்கிறது. அவளுடைய 4 வயதில் தொடங்கிய செல்வமகள் கணக்கு இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் ஒதுக்க முடியும். என்ன செய்யலாம்? - வாசகி, திருச்சி

பதில்: அந்த 3.5 லட்சத்தைக் கட்டாதீர்கள். எந்தத் தனியார் சான்றிதழும் ஒருவரை விண்வெளி வீரர் தேர்வுக்குத் தகுதியாக்குவதில்லை. இந்தியாவின் மனித விண்வெளிப் பயணத் திட்டமான ககன்யானுக்கு முதலில் தேர்வான நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், 2025-ல் விண்வெளி நிலையம் போய்வந்த சுபான்ஷு சுக்லா இருவரும் முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) படித்தவர்கள்.

இந்த வழிக்குச் செலவு மிகக் குறைவு. என்.டி.ஏ.வின் விமானப்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். இதற்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சேரும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசுச் செலவு. உடை, காப்பீடு, கைச்செலவுக்கு மட்டும் தொடக்கத்தில் அரை லட்சம் எடுத்து வையுங்கள். ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவதாகப் பெற்றோர் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

விமானிப் பிரிவில் மருத்துவப் பரிசோதனை கறாரானது. நிறக்குருடு இருந்தால் அத்தோடு முடிந்தது. காலின் நீளத்தைக்கூட அளப்பார்கள். விமானி திறன் தேர்வு எழுத வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். ஆகவே இந்த லீவிலேயே ஒரு கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் சேமிப்பு இஞ்சினியரிங் அல்லது அறிவியல் பட்டப்படிப்பு என்ற மாற்று வழிக்குத்தான் போக வேண்டும்.

கல்லூரிக்கு மூன்றே ஆண்டுகள் இருப்பதால் பங்குச் சந்தை ஃபண்டு வேண்டாம். அட்மிஷன் சமயத்தில் சந்தை விழுந்தால் ஃபீஸ் கட்ட நஷ்டத்தில் விற்க நேரும். மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு (ஆர்.டி.) போடுங்கள். 6.5% வட்டி என்றால் 36 மாதத்தில் சுமார் 3.98 லட்சம் சேரும்.

செல்வமகள் கணக்கு முதிர்வது கணக்குத் தொடங்கி 21 ஆண்டுகள் கழித்து, அதாவது அவளுடைய 25 வயதில். 21 வயதில் கிடைக்கும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். ஆனால் பத்தாம் வகுப்பு தேறியதுமே, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை படிப்புக்காக எடுக்கலாம். ஃபீஸ் ரசீதோ அட்மிஷன் கடிதமோ காட்ட வேண்டும். ரசீதில் உள்ள தொகைக்கு மேல் தரமாட்டார்கள்.

நாசா கனவும் இருந்தால், அங்கே அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். அறிவியல் அல்லது பொறியியலில் முதுகலை முடித்து, மூன்றாண்டு பணி அனுபவமோ 1,000 மணி நேர விமானி அனுபவமோ வேண்டும். அந்த நம்பிக்கையில் வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டுப் படிப்புக் கடன் வாங்காதீர்கள். எப்போதாவது கல்விக் கடன் வாங்கினால், படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது அசலோடு சேர்ந்துவிடும். இந்த வட்டிக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே.