போசா நோவா கிட்டார்: கட்டைவிரலைத் தனியாகப் பழக்குங்கள்

கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) எல்லாம் சரியாக விழுகின்றன, ஆனாலும் பிரேசிலின் போசா நோவா இசை மாதிரி கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிக்கால், அதாவது கம்பியை மீட்டும் சிறு தகட்டால், மேலும் கீழும் அடிப்பதாகவும் சொன்னீர்கள். சிக்கலே அதுதான். பிக்கைத் தூக்கி வையுங்கள். நைலான் கம்பி, வெறும் விரல்.

போசா நோவா, சம்பா என்ற பிரேசில் நடன இசையிலிருந்து வந்த தாளம். ரியோ டி ஜெனிரோ நகரின் சம்பாவில் சுர்டோ என்ற பெரிய முரசு அடியைப் பிடித்து நிற்கும். தம்போரிம் என்ற கையடக்கத் தோல்கருவி அதற்கு மேலே குறுக்கே வெட்டி விளையாடும். பிரேசில் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜுவாவ் ஜில்பெர்டோ இரண்டையும் ஒரே கிட்டாருக்குள் கொண்டுவந்தார். கட்டைவிரல் சுர்டோ, மற்ற மூன்று விரல்கள் தம்போரிம்.

அதனால் முதலில் கட்டைவிரல் மட்டும். பேஸ் கம்பியில் (தாழ்ந்த சுரம் தரும் தடித்த கம்பி) ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. பேசிக்கொண்டே வாசிக்க வரும்வரை விரல்களைச் சேர்க்காதீர்கள். அப்புறம் அந்த மூன்று விரல்களாலும் மூன்று கம்பிகளை ஒரே பிடியாகச் சுண்டுங்கள். கார்டு மாறும் இடத்தில் கவனம்: புது கார்டு பெரும்பாலும் அடிக்குச் சற்று முன்பே வந்துவிடும், கட்டைவிரல் அதற்காக அவசரப்படக் கூடாது. எல்லோரும் வழுக்குவது இங்கேதான்.

கேட்டுப் பழக, சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் ஜில்பெர்டோ சேர்ந்த 1964 ஆல்பத்தை இப்போதைக்கு விடுங்கள். அருமையானதுதான், ஆனால் சாக்ஸபோன் காதை இழுத்துக்கொள்ளும். ஜில்பெர்டோ பெயரிலேயே வந்த 1973 ஆல்பத்தில் கிட்டார், குரல், மெல்லிய தட்டல், அவ்வளவுதான். கட்டைவிரல் தெளிவாகக் கேட்கும்.

சத்தத்தையும் குறையுங்கள். பலமாக அடித்தால் இது வராது.