குதிரை இருந்தால்தான் வீரன்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறை முழுக்க கம்ப்யூட்டரில் கோட்டை பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது வீட்டில் எந்நேரமும் ஐரோப்பிய நைட்டுகள், அதாவது கவசம் போட்ட குதிரைவீரர்கள், பேச்சுதான். 7 வயதில் ஒரு பிரபு வீட்டுக்கு எடுபிடியாகப் போவார்களாம், 14இல் ஸ்கொயர், அதாவது நைட்டின் உதவியாளர், ஆவார்களாம், 21இல் விடிய விடிய தேவாலயத்தில் ஜெபித்துவிட்டு நைட் பட்டம் வாங்குவார்களாம். கவசத்தின் கனத்தால் கிரேன் வைத்துத்தான் குதிரைமேல் ஏற்றுவார்களாம். எளியவர்களைக் காப்பதுதான் வேலையாம். இதில் எவ்வளவு நிஜம்? நிஜமாகவே என்னதான் பயிற்சி கொடுத்தார்கள்?

செந்தில்
ஈரோடு

அன்புள்ள செந்தில்,

7, 14, 21 என்பது பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கு வசதியான கணக்கு. நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. பூசிக்கோ என்ற பிரெஞ்சுக்காரருக்கு 1382இல், ரோஸ்பெக் போருக்கு முன்னால், 16 வயதிலேயே பட்டம் கொடுத்துவிட்டார்கள். காசில்லாமல் காலமெல்லாம் ஸ்கொயராகவே இருந்து செத்தவர்களும் உண்டு. காசு என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். உங்கள் மகன் சொன்ன கதையில் விட்டுப்போனது அதுதான்.

வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலேயரை எடுத்துக்கொள்வோம். 1147 வாக்கில் பிறந்து 1219இல் இறந்தவர். இறந்த சில ஆண்டுகளில் அவருடைய மகன் ஆள் வைத்து, பழைய பிரெஞ்சில் 19,000 வரிகளுக்கு மேல் அவர் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதவைத்தார். புகழ்பாடும் நூல்தான். ஆனால் வரவு செலவு என்று வந்துவிட்டால் அந்தக் கவிஞருக்கு வெட்கமே கிடையாது. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

வில்லியம் நான்காவது மகன். நிலம் அண்ணன்களுக்குப் போய்விடும். அவருக்கு 5 வயது இருக்கும்போது, 1152இல், இங்கிலாந்து மன்னர் ஸ்டீபன் அவருடைய அப்பாவின் கோட்டையை முற்றுகையிட்டு, பையனைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டார். கோட்டையைக் கொடுக்காவிட்டால் தூக்கில் போடுவேன் என்றார். 'போட்டுக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்க என்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன' என்றாராம் அப்பா. பெரிய இடத்துப் பிள்ளைதான், ஆனால் அதன் மதிப்பு இவ்வளவுதான். மன்னருக்கு மனம் வரவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து செடித் தண்டுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அந்தப் பையனோடு விளையாடிக்கொண்டிருந்தார் என்கிறது செய்யுள்.

அப்புறம் 13 வயது வாக்கில் வட பிரான்ஸின் நார்மண்டிக்கு, உறவினரான டாங்கர்வில் பிரபுவின் வீட்டுக்கு அனுப்பினார்கள். நீங்கள் கேட்ட பயிற்சி இங்கேதான் நடந்தது. பள்ளிக்கூடம், பாடத்திட்டம், ஆசான் எதுவும் இல்லை. ஒரு பெரிய வீட்டில் பல வருடம் கூடவே கிடப்பதுதான் பயிற்சி. அந்தக் காலத்து ஸ்கொயர்கள் குதிரையைத் தேய்ப்பார்கள், லாடம் பார்ப்பார்கள். பிரபுவின் பந்தியில் இறைச்சியை வெட்டிப் பரிமாறுவார்கள். இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கவசச் சட்டை துருப்பிடித்தால், அதை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள். நட்டுவைத்த கம்பத்தில் கேடயத்தை மாட்டி, குதிரையில் பாய்ந்து வந்து ஈட்டியால் குத்திப் பழகுவார்கள். வில்லியம் இதில் எதில் தேறினார் என்று செய்யுள் பெரிதாகச் சொல்வதில்லை. தின்பதும் தூங்குவதும்தான் அவர் வேலை என்று மற்றவர்கள் கேலி செய்ததை மட்டும் சொல்கிறது. அவருக்கு வைத்த பட்டப்பெயரை நம் ஊரில் தீனிப்பண்டாரம் என்போம்.

1166 வாக்கில் இடுப்பில் வாளைக் கட்டி அவரை நைட் ஆக்கினார்கள். விடிய விடிய ஜெபம் எல்லாம் செய்யுளில் இல்லை. உடனே டிராங்கூர் என்ற ஊரில் சண்டை. வில்லியம் தெருத்தெருவாகப் புகுந்து அடித்தார். காலாட்கள் இரும்புக் கொக்கியால் அவர் தோளை மாட்டி இழுத்தார்கள், அவருடைய குதிரை செத்தது. அன்று இரவு விருந்தில் எல்லோரும் அவரைப் புகழ்ந்துகொண்டிருக்க, எசெக்ஸ் பிரபு மாண்டவில் குரல் கொடுத்தார்: மார்ஷல், நட்புக்காக எனக்கு ஒரு பரிசு கொடு, ஒரு சேணத்து வார் அல்லது பழைய கழுத்துப்பட்டை போதும். என் வாழ்நாளில் அப்படி ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை என்றார் வில்லியம். இன்றைக்கு மட்டும் நாற்பதோ அறுபதோ உன் கையில் கிடைத்தனவே என்றார் மாண்டவில். கூடமே சிரித்தது.

வீழ்த்திய எதிரியின் குதிரையையும் சாமானையும் எடுத்துக்கொள்ளத் தெரியாமல் வந்து நிற்கிறான் பையன் என்பதுதான் அந்தக் கேலி. பயிற்சியின் முக்கியமான பாடத்தை அவர் இந்தப் பந்தியில்தான் கற்றார் என்பேன். சண்டைக் குதிரை போய்விட்டது. மிச்சம் இருந்தது சவாரிக் குதிரை ஒன்று. கவசத்தைச் சுமக்கப் பொதிகுதிரை வேண்டும். பட்டமளிப்புக்குப் போர்த்திய மேலங்கியை 22 சூ என்ற காசுகளுக்கு விற்றுத்தான் அதை வாங்கினார்.

பிறகு அவர் பிழைத்தது டோர்னமென்ட்டுகளில். படத்தில் காட்டுவதுபோல் நடுவில் ஒரு வேலி, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஈட்டி என்பதெல்லாம் பிற்காலத்தது. 12ஆம் நூற்றாண்டில் அது வயல், தோப்பு, ஊர் என்று பரந்த வெளியில் இரண்டு கூட்டங்கள் மோதிக்கொள்வது. கொல்வது நோக்கமில்லை. எதிராளியின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துவந்தால் குதிரை உங்களுக்கு, ஆளை விடுவிக்கப் பணமும் உங்களுக்கு. வில்லியமும் ரோஜர் என்ற இன்னொரு வீரரும் லாபத்தைப் பங்கிடுவதாகப் பேசிக்கொண்டு கூட்டு வியாபாரமாகவே இதை நடத்தினார்கள். பத்து மாதத்துக்குள் 103 பேரைப் பிடித்தார்கள். கணக்கு எழுதி வைத்தவர் வில்லியமின் எஜமானரான இங்கிலாந்து இளவரசர் ஹென்றியின் சமையலறைக் கணக்கர்! பிடித்த குதிரைகளும் சாமான்களும் அந்த எண்ணிக்கையில் சேரவில்லை.

திருச்சபை 1130இலேயே டோர்னமென்ட்டைத் தடைசெய்து, அதில் செத்தவர்களுக்குத் திருச்சபை முறைப்படி அடக்கம் கிடையாது என்றது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரணப் படுக்கையில், பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று குருமார்கள் சொல்வதாக வில்லியமிடம் ஒருவர் கேட்டார். நான் 500 பேரைப் பிடித்தவன், அதற்காகச் சொர்க்கம் இல்லை என்றால் நான் என்ன செய்ய, எப்படித் திருப்பிக் கொடுப்பேன் என்றார் அவர். பேசியவர் அப்போது வெறும் வீரர் அல்ல, சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக இங்கிலாந்தையே ஆண்ட பெரியவர்.

எளியவர்களைக் காத்தார்களா? 1023இல் வட பிரான்ஸில் பொவே ஊர் ஆயர், குதிரைவீரர்கள் எடுக்கவேண்டிய ஓர் உறுதிமொழியை எழுதினார். மாடு, பன்றி, ஆடு, கழுதை பறிக்க மாட்டேன், குடியானவனைப் பிடித்துவைத்துப் பணம் கேட்க மாட்டேன், ஆலையை இடிக்க மாட்டேன் என்று நீளும் அது. சும்மா இருந்தவர்களிடமா இதை வாங்குவார்கள்? பிற்காலத்தில் இந்த இலட்சியத்தை மனதார நம்பிய வீரர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விட்டால் கிராமத்தைச் சூறையாடுவார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது.

கிரேன் கதை சுத்தப் பொய். வில்லியம் காலத்துச் சங்கிலிச் சட்டை 10 முதல் 15 கிலோ. 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ, அதுவும் உடம்பு முழுக்கப் பிரிந்து உட்காரும். மேலே சொன்ன பூசிக்கோ, தலைக்கவசம் தவிர மற்றதெல்லாம் போட்டுக்கொண்டு குட்டிக்கரணம் அடிப்பாராம். அங்கவடியில் கால் வைக்காமலே குதிரைமேல் தாவுவாராம். சுவரில் சாய்த்த ஏணியின் அடிப்பக்கமாக, மார்புக்கவசத்தோடு, கால் படாமல் இரண்டு கையாலேயே படிக்குப் படி தாவி உச்சிக்குப் போவாராம். மார்புக்கவசத்தைக் கழற்றினால் ஒற்றைக் கையாலேயே சில படிகள். அவர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்ட வரலாறு இப்படிச் சொல்கிறது, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். இவ்வளவும் பழகியவரை 1415இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயர் பிடித்துப்போனார்கள். 1421இல் கைதியாகவே இங்கிலாந்தில் இறந்தார்.

மகன் ஏணியைத் தேடினால் நான் பொறுப்பில்லை.