‘நண்பரின் கதாபாத்திரம்தான், வரைந்து கொடுங்கள்’ என்றார். எச்சரிக்கை எனக்கு வந்திருக்கிறது

கேள்வி: நான் கணினியில் படம் வரைந்து விற்பவள். கேட்பவர் சொல்லும் கதாபாத்திரத்தை வரைந்து கொடுத்துப் பணம் வாங்குகிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒருவர், ‘இது என் நண்பர் உருவாக்கிய கதாபாத்திரம், அவருக்குப் பிறந்தநாள் பரிசாகத் தரப்போகிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம்’ என்று சொல்லி நான்கு படங்களை மாதிரிக்கு அனுப்பினார். வரைந்து கொடுத்தேன். என் பக்கத்திலும் போட்டுக்கொண்டேன். போன வாரம் அந்தக் கதாபாத்திரத்தை உருவாக்கியவரே எனக்கு எழுதியிருக்கிறார். வரையச் சொன்னவர் நண்பரே இல்லையாம், அனுமதியும் தரவில்லையாம், என் படத்தை ஸ்டிக்கராக அடித்து விற்கிறாராம். உடனே எடுக்காவிட்டால் சட்ட நடவடிக்கை என்கிறார். வரையச் சொன்னவரோ, ‘காசு கொடுத்தது நான், படம் என்னுடையது, எடுக்கக் கூடாது’ என்கிறார். தப்பு என் மேலா? பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? இதற்கிடையில் இன்னொருவர், ஒரு பெரிய அனிமேஷன் நிறுவனத்தின் கதாபாத்திரத்தை டி-ஷர்ட்டுக்கு வரையச் சொல்லி முன்பணம் அனுப்பியிருக்கிறார். அதை ஏற்கலாமா?

பதில்: முதலில் படத்தை உங்கள் பக்கங்களிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். எடுப்பதால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது. எழுதியவர் உண்மையிலேயே படைத்தவர்தானா என்பதை அதன்பின் நிதானமாகக் கேளுங்கள். தேதியுள்ள பழைய படங்கள், அடுக்குகளோடு கூடிய மூலக்கோப்பு போன்றவை அவரிடம் இருக்கும். உங்கள் கோப்புகளையும் உரையாடல்களையும் அழிக்காதீர்கள். பயத்தில் பலர் செய்வது அதைத்தான். நாளை உங்களைக் காப்பாற்றப்போவதே அந்த உரையாடல்தான்.

பதில் கடிதம் நான்கு வரி போதும். ‘உங்கள் செய்தி கிடைத்தது. பரிசுக்காக என்று சொல்லி வந்த ஆர்டரின் பேரில் வரைந்தேன். நான் வெளியிட்ட இடங்களிலிருந்து எடுத்துவிட்டேன், இனிப் பயன்படுத்த மாட்டேன். ஸ்டிக்கர் விற்பனையில் எனக்குப் பங்கு இல்லை, அதற்கு நான் அனுமதி தரவும் இல்லை.’ இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். ‘உங்கள் அனுமதி இருக்கிறது என்று நம்பினேன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், அப்படி யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வழக்கின் பலவீனமான இடமும் அதுதான். ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்பது பாதி உண்மை. ஸ்டிக்கர் விஷயம் உங்களுக்குத் தெரியாது, சரி. ஆனால் அந்தக் கதாபாத்திரம் கேட்டவருடையது அல்ல என்பது முதல் நாளே தெரியும். அவரே சொன்னார். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் உங்களுக்குத் தர முடியாது. அடுத்தவர் வீட்டுச் சாவியை வைத்திருப்பவர் உங்களுக்கு வாடகைச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் குடியேறினால் அத்துமீறல்தானே.

சட்டம் எப்படிப் பார்க்கிறது என்றால், முதலில் பிரதி எடுத்த கையைப் பார்க்கும். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி ஓவியத்துக்குப் பதிப்புரிமை கிடைக்கப் பதிவு எதுவும் தேவையில்லை. வரைந்து முடித்த கணமே உரிமை வந்துவிடும். பிரதி எடுக்கும் உரிமையும் மாற்றி அமைக்கும் உரிமையும் படைத்தவரிடமே இருக்கின்றன. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து தன் கற்பனையை வரைந்து வைத்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும், பெரிய அனிமேஷன் நிறுவனத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரே தராசு. தனி ஆள் படைத்ததை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற அலட்சியத்தை ஓவியர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிறேன். உண்மையில் நிறுவனம் பல சமயம் ரசிகர்களின் படங்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவது உண்டு; தனி ஆள் மனம் நொந்து, விடாமல் துரத்தலாம்.

தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்பது பெரும்பாலும் தொகையைத்தான் மாற்றும், மீறலை இல்லாமல் ஆக்காது. அமெரிக்கச் சட்டத்தில் இது பளிச்சென்று தெரியும். உரிய காலத்தில் பதிவு செய்திருந்த படைப்புக்கு, சட்டமே வகுத்த இழப்பீடு 750 முதல் 30,000 டாலர் வரை. அறியாமல் செய்தவருக்கு நீதிமன்றம் அதை 200 வரை குறைக்கலாம், வேண்டுமென்றே செய்தவருக்கு 1,50,000 வரை உயர்த்தலாம். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு படம், கேட்டதும் எடுத்துவிடுகிறீர்கள், ஸ்டிக்கர் லாபம் உங்களுக்கு வரவில்லை. இப்படிப்பட்டவர் மேல் வழக்குப் போட எந்த வழக்கறிஞரும் ஆர்வமாகக் கிளம்ப மாட்டார். குறி ஸ்டிக்கர் விற்பவர் மேல்தான் போகும். நீங்கள் வீம்புக்கு அவர் பக்கத்தில் போய் நின்றால் ஒழிய.

‘நான் பார்த்து வரைந்தேனே தவிர காப்பி அடிக்கவில்லை, நிற்கும் விதம், உடை, பின்னணி எல்லாம் என்னுடையது’ என்று உங்களுக்குத் தோன்றலாம். எல்லா ஓவியருக்கும் தோன்றும். நரிக் காதும் நீல முடியும் உள்ள பெண் என்பது ஒரு யோசனை. யோசனைக்கு யாரும் வேலி போட முடியாது. ஆனால் காதின் ஓரத்தில் கிழிந்த தழும்பு, ஒரு கண்ணுக்கு ஒரு நிறம், வாலில் மூன்று வளையம், கழுத்தில் குறிப்பிட்ட ஒரு பதக்கம் என்று எல்லாம் சேர்ந்து, பார்த்ததும் ‘இது அதுதான்’ என்று ஆகிவிட்டால் அது யோசனை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. 2015-இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பேட்மேன் ஓட்டும் காரைக்கூடப் பதிப்புரிமைக்கு உரிய கதாபாத்திரம் என்று தீர்ப்பளித்தது. அந்தக் காரைப் போலவே செய்து விற்றுவந்தவர் தோற்றார். எங்கே வந்தாலும் அடையாளம் தெரியும் அளவுக்குத் தீர்க்கமாக வரையறுக்கப்பட்டிருக்கிறதா, தனித்துவம் இருக்கிறதா என்பவை அந்த நீதிமன்றம் கேட்டவற்றில் சில. உங்களுக்கு வந்த நான்கு மாதிரிப் படங்களின் வேலையே, கதாபாத்திரம் அடையாளம் தப்பாமல் வர வேண்டும் என்பதுதானே. பத்து சதவீதம் மாற்றினால் போதும், முப்பது சதவீதம் மாற்றினால் போதும் என்று ஓவியர்களிடையே உலவும் கணக்கை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு கசப்பான விஷயம். அனுமதியில்லாமல் அடுத்தவர் படைப்பின் மேல் கட்டிய படத்தில் உங்கள் உரிமையே ஆட்டம் காணும். அமெரிக்கச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, மூலத்தைச் சட்டத்துக்கு மாறாக எடுத்தாண்ட பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. நாளை யாராவது உங்கள் படத்தைத் திருடினால் நீங்கள் வாய் திறக்க முடியாத நிலை வரலாம்.

இனி, ‘காசு கொடுத்தது நான்’ என்பவர். காசு கொடுத்தால் படம் யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எழுதுவித்த வண்ண ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. பிரிட்டனில் எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை வரைந்தவரிடமே இருக்கும். ஆனால் உங்கள் சண்டைக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். எந்த நாட்டுச் சட்டத்திலும் அவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் உங்கள் பங்கு. கதாபாத்திரத்தைப் படைத்தவரின் பங்கை நீங்கள் விற்கவும் இல்லை, விற்கவும் முடியாது. எனவே ‘எடுக்கக் கூடாது’ என்று உங்களைத் தடுக்க அவருக்கு வழியில்லை.

பணத்தை நீங்களாகத் திருப்ப வேண்டியதில்லை. வேலை முடிந்தது, ஒப்படைத்தாயிற்று, பரிசு என்று சொல்லிக் கடைச்சரக்கு ஆக்கியது அவர். அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவையுங்கள்: பரிசு என்ற அடிப்படையில்தான் கொடுத்தேன், விற்பனைக்கு அனுமதி இல்லை, நிறுத்துங்கள் என்று. தேதியோடு அது பதிவாக வேண்டும். படைத்தவர், வரையச் சொன்னவருடைய பெயர், முகவரி கேட்டால் உணர்ச்சிவசப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வழக்கறிஞர் வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ கேட்கட்டும். தளத்திலிருந்து படம் நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தால், வரையச் சொன்னவரின் பேச்சை நம்பி எதிர் அறிவிப்பு (படத்தைத் திரும்பப் போடச் சொல்லித் தளத்துக்கு எழுதுவது) போடாதீர்கள். அமெரிக்க முறையில் அது பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்ட உறுதிமொழி.

இப்படி அனுமதியின் எல்லை மீறிப்போன கதைக்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1984-இல் வேனிட்டி ஃபேர் பத்திரிகை, பாடகர் பிரின்ஸின் படத்தை வரைய ஆண்டி வார்ஹோலிடம் சொன்னது. மாதிரிக்கு லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த புகைப்படத்தை 400 டாலர் கொடுத்து, ஒரே ஒரு முறை பயன்படுத்தும் உரிமத்தோடு வாங்கியது. வார்ஹோல் ஒன்றோடு நிற்காமல் பதினாறு படங்கள் செய்தார். 2016-இல் பிரின்ஸ் மறைந்தபோது அவற்றில் இன்னொன்று பத்திரிகை அட்டையில் வர, வழக்கு கிளம்பியது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் புகைப்படக்காரர் பக்கம் நின்றது. அதே வகை வணிக நோக்கத்துக்கு விற்கும்போது, தோற்றத்தை மாற்றியது மட்டும் நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) ஆகாது என்றது. வரையச் சொன்னவர் உரிமம் வாங்கியிருந்தும் அந்தக் கதி. உங்களிடம் கேட்டவர் அதுகூட வாங்கவில்லை.

டி-ஷர்ட் ஆர்டரை ஏற்காதீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விற்பனைச் சரக்கில் அச்சிட என்று சொல்லியே கேட்கிறார். பதிப்புரிமையோடு வணிகக்குறி (டிரேட்மார்க்) சிக்கலும் சேர்கிறது. சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு ரசிகர் கேட்கும் படம் வேறு ரகம். அதுவும் அனுமதி பெற்றதாக ஆகிவிடாது. ஆனால் சில நிறுவனங்கள் ரசிகர் படங்களுக்கு என்றே விதிமுறை வெளியிட்டிருக்கின்றன. அதைத் தேடிப் படித்து, பணம் வாங்கி வரைவதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ‘சொந்த உபயோகத்துக்குத்தானே’ என்ற விதிவிலக்கு பல நாடுகளில் உண்டுதான். அது வைத்திருப்பவருக்கான குடை. கூலி வாங்கி வரைபவரும் அதற்குள் நிற்கலாமா என்பது வாதத்துக்கு உரியது. பழைய கதாபாத்திரம், உரிமை காலாவதி என்று சொன்னாலும் சரிபார்க்க வேண்டும். மிக்கி மவுஸின் 1928-ஆம் ஆண்டு உருவம் 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவுடைமை ஆனது. அந்தக் கறுப்பு வெள்ளை உருவம் மட்டும். பின்னாளில் வந்த தோற்றங்கள் அன்றைக்கு ஆகவில்லை, வணிகக்குறியும் அப்படியே இருக்கிறது.

இனி வரும் ஆர்டர்களுக்கு: ‘இதை முதலில் வரைந்தது யார், படம் எங்கே போகப்போகிறது’ என்று பணம் வாங்கும் முன் கேளுங்கள். கேட்பவர் உரிமையாளர் இல்லை என்றால், உரிமையாளரின் சொந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு நேராக ஒரு வரி வரட்டும். அனுப்பியவரே எடுத்துத் தரும் ஸ்கிரீன்ஷாட்டை நான் நம்புவதில்லை. இந்தியச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு உரிமத்தையே எழுத்தில்தான் கேட்கிறது.

பரிசு ஆர்டர்தான் உண்மையில் தர்மசங்கடம். கேட்டால் ரகசியம் உடையும், கேட்காவிட்டால் உங்கள் கதிதான். சில ஓவியர்கள் கையாளும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. படைத்தவர் தன் பக்கத்திலேயே ‘என் கதாபாத்திரத்தைப் பரிசாக வரையலாம்’ என்று எழுதியிருந்தால் மட்டும் ஏற்பார்கள். வரைந்ததைத் தாங்கள் வெளியிட மாட்டார்கள், பரிசு பெற்றவர் பார்த்து மகிழ்ந்து சரி சொன்ன பிறகுதான் போடுவார்கள். எழுதி வைக்கவில்லையா, ரகசியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

‘இந்தக் கதாபாத்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டேன்’ என்பவர்களும் வருவார்கள். ஓவியர்கள் உருவத்தை வடிவமைத்து ‘அடாப்டபிள்’ என்று விற்கிறார்களே, அது. விற்பனையின்போது போட்ட நிபந்தனையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தளத்தில் உரிமையாளர் என்று பெயர் இருப்பதும் பதிப்புரிமை கைமாறுவதும் வெவ்வேறு. கைமாற இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றிலும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும்.

அடுத்தவரின் கதாபாத்திரத்தை ஆபாசமாகவோ, அவர் விரும்பாத ஜோடியாகவோ கேட்டால் எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம். அது ஒருவர் தன்னையே உருவகித்து வைத்திருக்கும் உருவமாக இருந்தால் நற்பெயர்ச் சிக்கலும் வரும். சிறுவர் உருவம் என்றால் அனுமதி இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பல நாடுகளில் அது குற்றவியல் வழக்கு.

உங்கள் ஆர்டர் படிவத்தில் இதைச் சேருங்கள்: ‘இக்கதாபாத்திரம் என்னுடையது, அல்லது உரிமையாளரின் அனுமதியை இத்துடன் இணைத்துள்ளேன். குறிப்பிட்ட நோக்கம் தவிர வேறெதற்கும் படத்தைப் பயன்படுத்த மாட்டேன். இது பொய்யானால் ஓவியருக்கு ஏற்படும் இழப்பையும் செலவையும் நானே ஏற்பேன். உரிமையாளர் ஆட்சேபித்தால் ஓவியர் படத்தை நீக்கலாம், வேலையை நிறுத்தலாம். அதுவரை செய்த வேலைக்கான தொகை திரும்பாது.’ இது படைத்தவர் உங்கள் மேல் வழக்குப் போடுவதைத் தடுக்காது. கட்டிய பணத்தைப் பொய் சொன்னவரிடம் வசூலிக்கத்தான் உதவும். அதற்கு அவருடைய உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டும். பூனைப் படம் போட்ட புனைபெயரிடமிருந்து பணம் வசூலிப்பது மிகவும் கடினம்.

டி-ஷர்ட்காரரின் முன்பணத்தை முழுதாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாங்கிய அதே வழியிலேயே அனுப்பி, ‘இந்த ஆர்டரை ஏற்கவில்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கோட்டுப்படம் ஏதாவது தொடங்கியிருந்தால் அதை அவருக்கு அனுப்ப வேண்டாம்.