பாதி காலியான கான்டாக்ட் லென்ஸ் சொல்யூஷன் பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோகலாமா?

சென்னையிலிருந்து லண்டன் போகிறேன், 120 மி.லி. பாட்டிலில் பாதிதான் இருக்கிறது, விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். விடமாட்டார்கள் என்று நினைத்தே கிளம்புங்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது கணக்கே இல்லை, பாட்டிலில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள், அது 100 மி.லி.யைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் மருத்துவத் தேவை என்று முன்கூட்டியே சொன்னால் பெரிய பாட்டிலையும் சோதித்துவிட்டு அனுமதிப்பதுண்டு, ஆனால் எல்லா ஊரிலும் அதை நம்ப முடியாது.

60 மி.லி. பயணப் பாட்டில் மருந்துக் கடையிலோ கண்ணாடிக் கடையிலோ கேட்டுப் பாருங்கள். பெரியதை ஜிப் கவரில் போட்டு செக்-இன் பெட்டியில் வைத்துவிடலாம்.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: வீட்டிலிருக்கும் சின்ன குப்பியில் சொல்யூஷனை ஊற்றி எடுத்துப்போவது. மாற்றி ஊற்றியதுமே அது கிருமியற்றது என்ற உத்தரவாதம் போய்விடும், கண்ணில் தொற்று வந்தால் பார்வைக்கே ஆபத்து. அவசரத்துக்கு விமானக் கழிவறைக் குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவதும் அப்படித்தான், அகந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீர் வழியாகத்தான் பெரும்பாலும் கருவிழிக்குள் புகுகிறது.

என்னைக் கேட்டால் நீண்ட பயணத்துக்குக் கண்ணாடியே மேல். விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், லென்ஸ் காய்ந்து உறுத்தும், அதோடு தூங்கிவிட்டால் இன்னும் மோசம். கண்ணாடியைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியபின் போட ஒரு ஜோடி டெய்லி லென்ஸ் (ஒரு நாள் போட்டுவிட்டு எறிந்துவிடுவது) போதும், அந்தச் சின்ன பொட்டலத்தில் இருக்கும் சில துளி திரவத்தை யாரும் தடுக்க மாட்டார்கள்.