பப்மெட்டில் 'நாட்' போடும் முன்

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குத் தேன் அல்லது வெள்ளி கலந்த டிரஸ்ஸிங் பற்றி, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் தேடினேன். 'டயபடிக் ஃபுட் ஆண்ட் ஹனி ஆர் சில்வர்' என்று போட்டால் சம்பந்தமே இல்லாத கட்டுரைகள் குவிகின்றன. எலி ஆய்வுகள் வேண்டாமென்று 'நாட் அனிமல்ஸ்' சேர்த்தேன். வேண்டியதும் போய்விடுமோ?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: போய்விடும், அதுவும் நிறையவே. முதலில் குவியலைப் பார்ப்போம். பப்மெட் இடமிருந்து வலமாகத்தான் படிக்கும், அதனால் கால் புண்ணும் தேனும் சேர்ந்தவை ஒரு பக்கம், 'சில்வர்' வருகிற எல்லாமே இன்னொரு பக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. சில்வர் என்ற பெயருள்ள ஆசிரியர் எழுதியதுகூட வந்து நிற்கும். 'ஹனி ஆர் சில்வர்' இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், ஒவ்வொரு சொல்லின் பின்னும் சதுர அடைப்புக்குள் 'டிஐஏபி' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர் தந்த குறிச்சொற்களிலும் மட்டும் தேடும். ஆண்ட், ஆர், நாட் மூன்றும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) இருக்கட்டும்.

இப்போது 'நாட்'. இதில்தான் ஆய்வு மாணவர்கள் அதிகம் இழக்கிறார்கள். கட்டுரைகளுக்கு 'மெஷ்' என்ற பொருள் தலைப்புகள் கொடுத்திருப்பார்கள், அவை கிளை கிளையாக அடுக்கப்பட்டவை, மேல் கிளையைக் கேட்டால் கீழே உள்ளதெல்லாம் தானாகச் சேர்ந்து வரும். அந்த அடுக்கில் 'ஹியூமன்ஸ்' இருப்பது 'அனிமல்ஸ்' கிளைக்குள்ளேயே! பாலூட்டி, குரங்கினம் என்று இறங்கி மனிதனில் முடிகிறது. ஆக நீங்கள் விலங்கு வேண்டாமென்றதும், அந்தத் தலைப்புகள் கொடுக்கப்பட்ட மனித ஆய்வுகளும் சேர்ந்தே வெளியேறுகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் மெஷ் தலைப்பே ஏறாதவை.

சரி, என்ன எழுத வேண்டும்? 'நாட்' போட்டு, அடைப்புக்குள் 'அனிமல்ஸ் நாட் ஹியூமன்ஸ்' என்று போடுங்கள், இரண்டு சொல்லுக்கும் பின்னால் மெஷ்ஷைக் குறிக்கும் 'எம்எச்' சதுர அடைப்பில் வரட்டும். விலங்குகளில் மட்டும் நடந்தவை விலகும், மனிதரும் விலங்கும் சேர்ந்த ஆய்வுகள் தங்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்களுடைய தேடல் வடிகட்டியிலும் இதே வரிதான் இருக்கிறது.

அப்புறம், 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் உங்கள் தேடலை பப்மெட் எப்படி விரித்துப் புரிந்துகொண்டது என்று காட்டும். முடிவுகளைத் திறப்பதற்கு முன் அதைப் படியுங்கள், ஆய்வேட்டில் அந்த முழு வரியையும் தேடிய தேதியோடு சேருங்கள்.