உயர்ந்த விகிதத்தையே எடுத்தால் லாபம் வருமா?

கேள்வி: டென்னிஸ் ஆட்டங்களுக்குப் பந்தயம் கட்டுகிறேன். ஒரே வீரரின் வெற்றிக்கு ஒரு நிறுவனம் 1.90 தருகிறது (100 கட்டி வென்றால் கட்டியதும் சேர்த்து 190 வரும்), மற்றொன்று 2.00 தருகிறது. விகிதங்களை ஒப்பிட்டுக் காட்டும் தளத்தைப் பார்த்து எப்போதும் உயர்ந்ததையே எடுத்துக்கொண்டால் நாளடைவில் லாபம் கிடைக்குமா?

பதில்: இழப்பு குறையும், அதனால் மட்டும் லாபம் வந்துவிடாது. இரு வீரர்களும் சமபலம் உள்ளவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் இருவருக்கும் 1.90 தந்தால், நீங்கள் கட்டும் ஒவ்வொரு 100க்கும் சராசரியாக 95தான் திரும்பி வரும். மீதமுள்ள 5 நிறுவனத்தின் பங்கு. 1.90இல் பந்தயம் கட்டுபவர் கைமுதலை இழக்காமல் இருக்கவே நூற்றுக்கு ஏறத்தாழ 53 முறை சரியாகக் கணிக்க வேண்டும், 2.00இல் 50 முறை போதும். ஒப்பீட்டுத் தளம் உங்களுக்குச் செய்யக்கூடிய உதவி இவ்வளவே. எந்த வீரர் வெல்வார் என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, அந்தத் தளத்தை நடத்துபவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். நீங்கள் அவருக்கு எதுவும் கொடுப்பதில்லை. அவர் தரும் இணைப்பின் வழியே நீங்கள் கணக்குத் தொடங்கும்போது பந்தய நிறுவனம் அவருக்குத் தரகுத் தொகை தருகிறது. பல ஒப்பந்தங்களில் அந்தத் தரகு, நீங்கள் தோற்கும் பணத்தில் ஒரு பங்காகவே கணக்கிடப்படுகிறது. உங்கள் தோல்வியில் வருமானம் பார்ப்பவர் ‘இன்றைய சிறந்த தேர்வு’ என்று எழுதிவைத்தால் அதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டியலின் உச்சியில் இருக்கும் நிறுவனம் விகிதத்தால் அங்கே வந்ததா, தரகால் வந்ததா என்பதை, பட்டியலை விகித வரிசைப்படி நீங்களே மாற்றிப் பார்த்து அறியலாம். ‘முடிவு உறுதியான ஆட்டம்’ என்று கட்டணம் கேட்டு நுழையும் செய்திக் குழுக்காரர்களுக்குப் பதில்கூட அனுப்ப வேண்டாம். வரவேற்பு போனஸ் என்று வருவதும், பலமுறை பந்தயம் கட்டிய பிறகே வெளியே எடுக்கக்கூடிய பணமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இத்தனையும் தெரிந்தே, ஒரு மூலையில் சிறிய எழுத்தில் எச்சரிக்கை வாசகம் அச்சிட்டால் கடமை முடிந்தது என்று இந்தத் துறை நடந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

டென்னிஸ் என்று குறிப்பிட்டிருப்பதால் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். காயத்தால் ஒரு வீரர் பாதி ஆட்டத்தில் விலகினால் என்ன ஆகும் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடுகிறது. ஒரு பந்து ஆடப்பட்டாலே அடுத்த சுற்றுக்குப் போகிறவரை வென்றவராகக் கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. முதல் செட் முடிந்திருக்க வேண்டும் என்பவை உண்டு. ஆட்டம் முழுவதும் முடியாவிட்டால் பந்தயமே செல்லாது என்று கட்டிய தொகையை மட்டும் திருப்பித் தருபவையும் உண்டு. ஒப்பீட்டுப் பட்டியலோ இவை மூன்றையும் ஒரே வரியில் ஒன்றுபோலக் காட்டுகிறது. எதிராளி காயத்துடன் ஆடுகிறார் என்பதற்காகவே நீங்கள் ஒருவர்மீது பந்தயம் கட்டுகிறீர்கள் என்றால், அந்த எதிராளி இரண்டாவது செட்டில் விலகும்போது முதல் இரு வகை நிறுவனங்களில் உங்களுக்கு வெற்றித்தொகை கிடைக்கும், மூன்றாவதில் கட்டிய பணம் மட்டுமே திரும்பும். ஆகவே அங்கே தெரியும் 2.00, மற்றோரிடத்தின் 1.90ஐவிட உண்மையில் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. பந்தயம் கட்டுவதற்கு முன் விதிப் பக்கத்தில் ‘விலகல்’ பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

பட்டியலில் உள்ள விகிதம் சில நிமிடங்கள் பழையதாக இருக்கலாம் என்பதால், பந்தயச் சீட்டில் தெரியும் எண்ணையே நம்புங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கும், உரிமம் பெற்ற நிறுவனங்களை மட்டுமே ஒப்பிடுங்கள். தொடர்ந்து நல்ல விகிதங்களையே எடுப்பவர் கட்டக்கூடிய தொகைக்குப் பல நிறுவனங்கள் உச்சவரம்பு போட்டுவிடுகின்றன. தோற்பவரை வரவேற்று, கணக்குப் பார்ப்பவரை ஒதுக்கும் இந்த வழக்கத்தை ஒழுங்குமுறை அமைப்புகள் இன்னும் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருக்கப் போகின்றன?

உங்கள் கணிப்பில் உண்மையிலேயே பலம் இருக்கிறதா என்று அறிய, நீங்கள் எடுத்த விகிதத்தையும், பெரும்பாலான தகவல்களும் சேர்ந்துவிட்ட நிலையில் ஆட்டம் தொடங்கும் தறுவாயில் இருந்த விகிதத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். நீங்கள் 2.00இல் எடுத்தது பெரும்பாலும் 1.90க்கு இறங்கியிருந்தால் நல்ல விலைக்கே வாங்கியிருக்கிறீர்கள். பெரும்பாலும் 2.10க்கு ஏறியிருந்தால், எந்த ஒப்பீட்டுத் தளமும் அந்த நட்டத்தை ஈடுகட்டாது, பந்தயத்தை நிறுத்திவிடுங்கள்.